இந்த நிரல் யாருக்குத் தெரியும்?



மென்பொருள் நிறுவனங்களில் நள்ளிரவில் ஏதாவது ஒன்று நின்றுபோனால் முதலில் எழும் கேள்வி, "இது யாருக்குத் தெரியும்?" என்பதுதான். எழுதியவர் யார் என்று அந்த நேரத்தில் எவரும் தேடுவதில்லை. அவர் வேலை மாறிப் போயிருக்கலாம், வேறு நாட்டில் இருக்கலாம். அந்த நிரலின் உள்ளே என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று அறிந்த ஒருவர் போனை எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், எத்தனை பேர் கூடினாலும் விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அவற்றின் மேல் நிரலாளர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் ஐயத்தையும் இந்த ஒரு கேள்வியின் வழியாகவே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூனில் கிட்ஹப் நிறுவனம் கோபைலட் என்ற கருவியை முன்னோட்டமாக வெளியிட்டது. ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் என்ற மொழி மாதிரி அதற்குள் இருந்தது. ஒரு ஃபங்ஷனின் பெயரைத் தட்டச்சு செய்தால் மீதி வரிகள் மங்கிய எழுத்தில் திரையில் தோன்றும். டேப் விசையை அழுத்தினால் அவை நிரலில் சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டு அது மாதம் 10 டாலர் கட்டணத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கார்பத்தி, நிரலைப் படிக்காமலேயே வேண்டியதைச் சொல்லி, வந்ததை ஏற்று, பிழைச்செய்தி வந்தால் அதையும் அப்படியே கருவியிடம் ஒட்டி வேலையை நகர்த்தும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் சூட்டினார். வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் சிறு முயற்சிகளுக்கு அது பரவாயில்லை என்றுதான் அவர் சொன்னார். அந்த நிபந்தனையைப் பலரும் மறந்துவிட்டார்கள். இன்றைய கருவிகள் கோப்புகளைத் தாமே திறக்கின்றன, திருத்துகின்றன, டெஸ்டுகளை ஓட்டுகின்றன, தோற்றால் மீண்டும் திருத்துகின்றன.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2025இல் நிரலாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், இக்கருவிகளைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப் போகிறோம் என்றவர்கள் 84 சதவீதம். அதே கணக்கெடுப்பில், அவை தரும் விடையின் துல்லியத்தை நம்பவில்லை என்றவர்கள் 46 சதவீதம்; நம்புகிறோம் என்றவர்கள் 33 சதவீதம்தான். கையில் எடுத்துவிட்டார்கள், ஆனால் மனம் ஒப்பவில்லை. எது பெரிய தொல்லை என்ற கேள்விக்கு, மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே விடையைத் தேர்ந்தார்கள்: கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, முழுக்கச் சரியாக இல்லை. முழுத் தவறாக இருந்தால் உடனே தெரிந்துவிடும், தூக்கிப் போட்டுவிடலாம். கிட்டத்தட்டச் சரியாக இருப்பதுதான் மாதக்கணக்கில் உள்ளே தங்கிவிடுகிறது.

இந்த நம்பிக்கையும் ஐயமும் புதியவை அல்ல. 1952இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர், மனிதர் எழுதுவதை இயந்திர நிரலாக மாற்றும் தொகுப்பிகளில் (கம்பைலர்) முன்னோடியான ஏ-0வை உருவாக்கியபோது அதைத் தொடவே பலர் தயங்கினார்கள். கணினி கணக்குப் போடும், நிரல் எழுதாது என்பது அன்றைய எண்ணம். 1957இல் ஐபிஎம்மில் ஜான் பாக்கஸ் குழுவினர் 704 கணினிக்காக ஃபோர்ட்ரானை வெளியிட்டார்கள். கையால் எழுதும் இயந்திர நிரலின் வேகத்தை எந்தத் தானியங்கி முறையும் தொட முடியாது என்று அதுவரை சாதித்துவந்த வல்லுநர்கள், அது தந்த வேகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகு, ஆங்கிலம் போலவே தோன்றும் கோபால் மொழி வந்தால் மேலாளர்களே நிரலைப் படித்துக்கொள்வார்கள் என்று ஆசைப்பட்டார்கள். 1981இல் பிரிட்டனில் ஒரு நிரலாக்கக் கருவிக்கு 'தி லாஸ்ட் ஒன்' என்றே பெயர் வைத்தார்கள். இதற்குமேல் யாரும் நிரல் எழுதத் தேவையில்லை, இதுவே கடைசி நிரல் என்று பொருள். அதற்குப் பின்தான் உலகில் நிரலாளர்களின் எண்ணிக்கை பன்மடங்காகப் பெருகியது.

ஆகவே இன்று நம்பிக்கையோடு பேசுகிறவர்கள், "தொகுப்பிக்கும் அன்று இப்படித்தான் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது, இதுவும் அப்படித்தான்" என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் அது உடைகிறது. ஃபோர்ட்ரானில் எழுதியவர் தான் எழுதிய மூல நிரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். தொகுப்பி அதிலிருந்து உருவாக்கிய இயந்திர நிரலை எவரும் படிப்பதுமில்லை, பாதுகாப்பதுமில்லை. வேண்டுமானால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் அதே பொருள்தான் வரும். இன்று நாம் செய்வது தலைகீழ். கருவியிடம் நாம் சொன்ன வேண்டுகோள், அதில் நாம் விளக்கிய நோக்கம், இரண்டு மூன்று வழிகளை யோசித்து ஒன்றைத் தேர்ந்த காரணம், எல்லாம் உரையாடல் பெட்டியை மூடியதும் பெரும்பாலும் போய்விடுகின்றன. கருவி தந்த வரிகள் மட்டும் நிரல் களஞ்சியத்தில் சேர்கின்றன. அதே வேண்டுகோளை நாளை கொடுத்தால் வேறு வரிகள் வரும். மனிதரின் எண்ணத்தை எறிந்துவிட்டு, அதிலிருந்து இயந்திரம் உருவாக்கியதைச் சேமிக்கும் வழக்கம் இத்தொழிலில் இந்த அளவுக்கு இதற்கு முன் இருந்ததாக நான் அறியவில்லை. எனக்கு உள்ள ஐயங்களில் ஆழமானது இதுதான்.

அது ஏன் ஆழமானது என்று காட்ட, டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நௌரைத் துணைக்கு அழைக்கிறேன். அல்கால் 60 மொழியின் அறிக்கையைத் தொகுத்தவர், 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். 1985இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை, கணினி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நிரலாளர்கள் உருவாக்கும் உண்மையான பொருள் நிரலின் வரிகள் அல்ல, அவர்கள் மனத்தில் உருவாகும் ஒரு கோட்பாடு என்பது அவர் கருத்து. இந்தப் பகுதி உலகின் எந்தத் தேவைக்கு விடை சொல்கிறது, ஏன் இப்படி அமைந்தது, புதிதாக ஒன்று கேட்டால் எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்ற அறிவு அது. அவர் சொல்லும் சான்று எளியது. ஒரு குழு ஒரு தொகுப்பியை மிக நன்றாகக் கட்டியது. வேறொரு குழு அதை விரிவாக்க முன்வந்தது. முழு நிரலும் விரிவான ஆவணங்களும் அவர்களிடம் தரப்பட்டன. முதல் குழுவின் ஆலோசனையும் கிடைத்தது. அப்படியும் இரண்டாம் குழு முன்வைத்த பல தீர்வுகள், தொகுப்பியின் அமைப்பிலேயே இருந்த வசதிகளைக் காணாமல், மேலே ஒட்டுப்போடுவதாக இருந்தன. முதல் குழு பார்த்த மாத்திரத்தில், அமைப்புக்குள் அழகாகப் பொருந்தும் எளிய வழியைச் சொன்னது. பின்னாளில் முதல் குழுவின் துணை இல்லாமல் மற்றவர்கள் கைவைத்தபோது, அமைப்பு மெல்ல மெல்லச் சிதைந்தது. ஆவணம் இருந்தது, நிரல் இருந்தது, அறிந்தவர் இல்லை.

தென்மாவட்டக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறந்தால் எந்த வயல் நனையும், எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் உடையும் என்பது அவருக்குத் தெரியும். கண்மாயின் வரைபடத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், அவர் இல்லாத ஆண்டில் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. நௌர் சொல்லும் கோட்பாடு அப்படி மனிதரிடம் குடியிருப்பது.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 1996 ஜூன் 4 அன்று தென்னமெரிக்காவின் கூரு தளத்திலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் சான்று. பறப்பு தொடங்கிய சுமார் 40 நொடியில் பாதை விலகி உடைந்து வெடித்தது. நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்கள் அதோடு போயின. ஏரியான் 4இல் ஆண்டுக்கணக்கில் பிழையில்லாமல் ஓடிய ஒரு நிரல் பகுதியை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தார்கள். 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம் என்பதால், எண் கொள்ளளவை மீறியது. அந்த இடத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று முன்பு தீர்மானித்தவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். ஏரியான் 4 போகும் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகவே முடியாது என்று கணக்குப் பார்த்தே விட்டார்கள். விசாரணைக் குழு குறிப்பிட்ட ஒன்றுதான் நம் பேச்சுக்கு வேண்டியது: அந்த முடிவுக்கான காரணம் மூல நிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெரும் ஆவணக் குவியலுக்குள் அது வெளியார் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வரிகள் அடுத்த ராக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன, அவற்றின் காரணம் போய்ச் சேரவில்லை.

இப்போது இரண்டு சோதனைகளை அருகருகே வைக்கிறேன். 2022இல் 95 தொழில்முறை நிரலாளர்களிடம், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு எச்டிடிபி சர்வரை எழுதச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கோபைலட் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். கருவிகளை விற்கிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் இது. 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வேறுவிதமாகச் செய்தது. புகழ்பெற்ற திறமூலத் திட்டங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்த 16 பேர், தங்கள் சொந்தத் திட்டத்தில் உண்மையிலேயே செய்ய வேண்டியிருந்த 246 வேலைகள். எந்த வேலைக்குக் கருவி உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். தொடங்கும் முன் அவர்கள், நேரம் 24 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். முடிந்த பிறகு, 20 சதவீதம் குறைந்தது என்று நினைத்தார்கள். கடிகாரம் காட்டியதோ, கருவியோடு செய்த வேலைகள் 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தன என்பதை.

ஒன்று மெய், மற்றது பொய் என்று இவற்றைப் பார்க்கத் தேவையில்லை. முதல் சோதனையில் நிரலாளருக்கும் நிரலுக்கும் முன்பின் உறவில்லை. வெற்றுத் தாளில் தொடங்கும் வேலை. உலகம் ஆயிரம் முறை எழுதிவிட்ட ஒன்று. நாளை அதைப் பராமரிக்க வேண்டியதும் இல்லை. கோட்பாடு தேவைப்படாத இடம் அது. இரண்டாவது சோதனையில் நிரலாளர்களின் மனம் முழுக்கக் கோட்பாடு. சராசரியாகப் பத்து இலட்சம் வரியைத் தாண்டும் களஞ்சியங்கள் அவர்களுக்குச் சொந்த வீடு. எங்கே தொட வேண்டும் என்பது அவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும், கருவிக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விளக்கிச் சொல்லி, அது தந்ததைப் படித்து, பொருந்தாததை வெட்டி எறிவதில் நேரம் போயிற்று. மீட்டர் அமைப்பினரே இந்த முடிவை எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் நீட்டக் கூடாது என்று எச்சரித்தார்கள். கருவிகள் அதற்குப் பிறகு வளர்ந்துமிருக்கின்றன, நாளை அந்த 19 சதவீதம் திசை மாறலாம். எனக்கு அந்தக் கடிகார எண்ணைவிட, இருபதும் பத்தொன்பதும் எதிரெதிராக நின்றதுதான் முக்கியம். தம் தொழிலில் கைதேர்ந்தவர்கள், தாங்கள் வேகமாகப் போகிறோம் என்று மனதார நம்பிக்கொண்டே மெதுவாகப் போயிருக்கிறார்கள்.

வேகத்தில் மட்டுமா இந்த மயக்கம்? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் பாதுகாப்பு சார்ந்த நிரல் பணிகளைச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கருவியின் உதவியோடு எழுதியவர்களின் நிரல் பெரும்பாலான பணிகளில் பாதுகாப்பு குறைந்ததாக இருந்தது. அதே நேரத்தில், தாங்கள் பாதுகாப்பான நிரலையே எழுதினோம் என்று அவர்கள்தான் கூடுதலாக நம்பினார்கள். கருவியைக் குறைவாக நம்பி, வேண்டுகோளைத் திருப்பித் திருப்பி மாற்றிக் கேட்டவர்களின் நிரலில் ஓட்டைகள் குறைவு. ஐயம் கொண்டவர்களுக்குத்தான் கருவி நன்றாக உழைத்திருக்கிறது.

நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், ஏனென்றால் இதை உங்கள் மடிக்கணினியில் இன்றே சரிபார்க்கலாம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். பைதான் மொழியில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெற்றவை. சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால், வழக்கமான ஒருவரி நிரல் புள்ளியைக் கொண்டுவந்து சொல்லின் தலையில் வைக்கும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், வழக்கமான நிரல் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது, வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. நம் அகராதியிலோ னகரம் கடைசி. நூலகப் பட்டியலோ, தேர்வு முடிவுப் பட்டியலோ இப்படி அடுக்கப்பட்டால், இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லித் திரும்புவார்கள்.

"ஒரு படிவத்தில் பெயர் இருபது எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள், பிறகு வரிசைப்படுத்து" என்று கருவியிடம் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். சுத்தமான நிரல் வரும். டெஸ்டும் எழுதித் தா என்றால் அதையும் எழுதும், பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களை வைத்தே எழுதும், அத்தனையும் தேறிவிடும். திரை முழுக்கப் பச்சை. பிறகு திருநெல்வேலியில் ஒருவர் தம் பெயரைத் தமிழில் நிரப்பும்போது பாதியில் வெட்டுப்படும். "தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே எண்ணு, அகராதி வரிசையில் அடுக்கு" என்று விளக்கிச் சொன்னால் அதே கருவி ஒழுங்காகவே செய்து தருகிறது. ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்களையும் எடுத்துப் பயன்படுத்தும். குறை அதன் திறமையில் இல்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று அறிந்த ஒருவர் விசைப்பலகையின் முன்னால் இருந்தாரா என்பதே கேள்வி.

திறமூல உலகில் இதே கேள்வி ஒருவரின் உழைப்பின் மேலேயே விழுந்தது. இணையத்தில் தரவைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் உலகின் எண்ணற்ற சாதனங்கள் நம்பியிருக்கும் கர்ல் என்ற மென்பொருளைச் சுவீடனின் டேனியல் ஸ்டென்பர்க் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். பாதுகாப்புப் பிழை கண்டு சொல்கிறவர்களுக்குப் பணப்பரிசு தரும் திட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய அறிக்கைகள் வந்து குவிந்தன. நேர்த்தியான நடை, நம்பும்படியான விளக்கம், இல்லாத பிழை. ஒவ்வொன்றையும் படித்துப் பொய் என்று நிறுவ, அறிந்த மனிதர் ஒருவரின் மணிநேரங்கள் வேண்டும். பொறுத்துப் பார்த்து, 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டத்தையே முடித்துக்கொண்டார்கள். ஆனால் இதே ஸ்டென்பர்கிடம் 2025இல் ஓர் ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக்கொண்டு தேடிய பிழைப் பட்டியல் ஒன்றை அனுப்பியபோது, அதிலிருந்த பலவும் உண்மையான பிழைகள் என்று வெளிப்படையாகப் பாராட்டித் திருத்தினார். ஒரே மென்பொருள், ஒரே வகைக் கருவி. ஒரு பக்கம், கருவி சொன்னதை வடிகட்டி எது மெய் என்று எடைபோடத் தெரிந்தவர் நடுவில் நின்றார். மறுபக்கம், பரிசுத்தொகைக்காகக் கருவி சொன்னதை அப்படியே அனுப்பியவர்கள் நின்றார்கள்.

  

மாணவர்களே, உங்களைப் பற்றிய இடத்துக்கு வருகிறேன். எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தானியக்கத்தின் முரண்கள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் பேசியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. எளிய வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது தவறும்போது மட்டும் மனிதர் தலையிடட்டும் என்று அமைக்கிறோம். தலையிட வேண்டிய நேரம்தான் மிகக் கடினமான நேரம். அந்த நேரத்துக்கு வேண்டிய தேர்ச்சி, அன்றாடம் கையால் செய்ததால் வந்தது. அன்றாட வேலை போய்விட்ட பிறகு அந்தத் தேர்ச்சி மங்குகிறது. இன்று கட்டுப்பாட்டு அறையில் நன்றாகச் சமாளிக்கிறவர்கள், முன்பு கையால் இயக்கிப் பழகிய தலைமுறையினர். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய அந்தக் கேள்வி இன்று மென்பொருள் நிறுவனங்கள் அடர்ந்த பழைய மகாபலிபுரம் சாலையின் ஒவ்வொரு கட்டடத்திலும் நிற்கிறது.

நம் மென்பொருள் தொழில் ஒரு கூம்பு வடிவில் கட்டப்பட்டது. அடியில் ஆயிரக்கணக்கான ஃபிரெஷர்கள். அவர்களுக்குச் சின்ன பக் திருத்தம், டெஸ்ட் எழுதுதல், பழைய அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தல். மேலே போகப் போக ஆள் குறையும், பொறுப்பு கூடும். அந்தச் சின்ன வேலைகளை எல்லோரும் ஏளனமாகப் பேசுவதுண்டு. நான் பேச மாட்டேன். 1990களின் பிற்பகுதியில், இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெளிநாடு போன நம் பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள்? எங்கோ ஒரு வங்கியில், எப்போதோ ஒருவர் எழுதிவைத்துப் போன கோபால் நிரலை வரி வரியாகப் படித்தார்கள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருக்கும் இடங்களைத் தேடினார்கள். தேடும் வழியில் வங்கி எப்படி வட்டி போடுகிறது, காப்பீடு எப்படி முதிர்கிறது என்று கற்றார்கள். புதிதாக எழுதிப் பெற்ற புகழ் அவர்களுக்கு இல்லை. பிறர் நிரலைப் படித்தே தேறினார்கள். இந்தத் தொழில் இங்கே எழுந்து நின்றது அந்தப் படிப்பின் மேல்தான். தேர்ந்த சீனியர்கள் என்று நாம் இன்று கொண்டாடுகிறவர்களில் பலர் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள்.

இன்று கருவிகள் எடுத்துக்கொள்வது அந்தக் கீழ்ப்படிகளை. ஒரு நிறுவனத்தின் கணக்கில் அது இலாபம். மூன்று ஃபிரெஷர்கள் ஒரு வாரம் செய்வதை ஒரு சீனியர் கருவியோடு ஒரு நாளில் செய்கிறார் என்றால், எந்த மேலாளரும் அதைத்தான் தேர்வார். ஆனால் அந்தச் சீனியர் ஒருநாள் ஓய்வு பெறுவார். "இது யாருக்குத் தெரியும்?" என்று அன்றிரவு கேட்டால் கையைத் தூக்க ஆள் இருக்காது. வேலை போகிறதே என்ற அச்சத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது நியாயமான அச்சம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து கல்விக் கடனோடு நிற்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அச்சம் இல்லை. அதோடு, தேர்ச்சி உருவாகும் வழியே அடைபடுகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன். முன்னது இந்த ஆண்டின் செய்தி. பின்னது தெரியவர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம்.

இத்தனையும் சொன்ன பிறகும் நான் இக்கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துகிறேன், நம்பிக்கையோடுதான் பயன்படுத்துகிறேன். அந்த நம்பிக்கையின் பெரும்பகுதி, தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளைச் சார்ந்தது. நிரலாக்கத்தில் அவர்களைத் தடுத்தது தர்க்கம் என்றும் நினைக்கவில்லை, கணக்கு என்றும் நினைக்கவில்லை. பாடநூல், பிழைச்செய்தி, ஆவணம், கேள்வி கேட்கும் இடம் எல்லாமே ஆங்கிலம். கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். வகுப்பில் எழுந்து கேட்காத பிள்ளை இரவில் விடுதி அறையில் கருவியிடம், "இந்த எரர் ஏன் வருது, தமிழ்ல சொல்லு" என்று கேட்க முடிகிறது. அது பொறுமையாகச் சொல்கிறது. புரியவில்லை என்று மறுபடி கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. பாயிண்டர் என்றால் என்ன, ரிகர்ஷன் எங்கே நிற்கிறது என்று பாதித் தமிழ், பாதி ஆங்கிலத்தில் கேட்டு, விளங்கிக்கொண்டு, மறுநாள் தானே எழுதிவரும் மாணவிகளை நான் பார்க்கிறேன். எனக்குக் கிடைக்காத ஆசிரியர் அது என்று மனதார மகிழ்கிறேன்.

ஆனால் அதே விடுதி அறையில், அதே கருவியிடம், "அசைன்மென்டை முடிச்சுக் கொடு" என்றும் கேட்கலாம். அதற்கும் அது சலிக்காது. முதல் கேள்வி கேட்ட மாணவியின் மனத்தில் நௌர் சொன்ன கோட்பாடு முளைவிடுகிறது. இரண்டாவதைக் கேட்டவரின் கோப்பில் ஒரு நிரல் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இருவரும் சமம். இந்தச் சமம்தான் நம் கல்லூரிகள் இப்போதைக்குச் செய்துகொண்டிருக்கும் அநியாயம். அதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வை அமைக்கிறவர்கள் நாம்.

நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கருவி எழுதிய நிரலோடு, கருவியிடம் என்ன கேட்டோம், எந்த வழியை ஏன் தள்ளினோம் என்பதை எழுதியவரே தம் சொற்களில் எழுதிச் சேர்க்கட்டும். கருவியே சுருக்கித் தரும் விளக்கம் இதற்கு ஈடாகாது. எழுதும்போதுதான் தமக்குப் புரியாதது எது என்று அவருக்கே தெரியும். ஏரியானின் விசாரணைக் குழுவுக்கு மூல நிரலில் கிடைக்காத காரணம் அப்போது அங்கேயே இருக்கும். அடுத்து, கோட் ரிவ்யூவை மிச்ச நேரத்தில் செய்யும் வேலையாக வைக்காதீர்கள். எழுதுவது மலிவாகிவிட்ட இடத்தில் படிப்பதுதான் வேலை. அதற்கு நேரம் ஒதுக்குங்கள், பதவி உயர்வில் அதை எண்ணுங்கள். ஒவ்வொரு சீனியரின் பக்கத்திலும் ஒரு ஜூனியரை உட்காரவையுங்கள், இருவரும் சேர்ந்து படிக்கட்டும். இதற்குப் பணம் செலவாகும். பயிற்சிக்கென்று தனி வளாகங்களையே கட்டிய தொழில் இது. இந்தச் செலவு அதற்குப் புதிதாகாது.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வைப் பற்றியது. இப்போது மாணவர் ஸ்லைடுகளைக் காட்டுகிறார், தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்கிறார், முடிந்தது. இனி, செய்துவந்ததை எந்தக் கருவியோடும் செய்துவரட்டும், தடையில்லை. தேர்வு அறையில் தேர்வாளர் அந்த நிரலுக்குப் புதிய தேவை ஒன்றைக் கொடுக்கட்டும்: இந்தப் பெயர்ப்பட்டியல் தமிழ் அகராதி வரிசையில் வர வேண்டும், அரை மணி நேரம், கருவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும், எந்த இடத்தைத் தொட்டீர்கள், அங்கே ஏன், இதனால் வேறு எது பாதிக்கப்படும், கருவி சொன்னதில் எதை ஏற்கவில்லை என்று கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதியையாவது ஒதுக்குமாறு, இந்த அவையில் அமர்ந்திருக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் கல்வியாண்டிலேயே ஒரு துறையில் தொடங்கிப் பார்க்கலாம். வினாக்களைத் தயாரிக்க என் நேரத்தைத் தருகிறேன்.